மேல் தாளில் ஒரு வார்த்தை

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'டைப் அக்கா' என்று பெயர். டாக்டர், நர்ஸ், லிஃப்ட் ஆள், மாதா மாதம் சொட்டு மருந்துக்கு வரும் பழைய நோயாளிகள், எல்லாருக்கும் அவள் டைப் அக்காதான். வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த டைப்ரைட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் வந்து, அதுவும் மூன்று தடவை மாறிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த லிஃப்ட்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "என்னண்ணே, உங்களுக்கே நான் அக்காவா?" என்று கேட்டால், "அது ஒரு பட்டம்மா, வயசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்.

அவளுடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. எழுந்து நின்றால் ஒரு பக்கம் தலை இடிக்கும். மேசை, கம்ப்யூட்டர், காதில் மாட்டும் கருவி, மேசைக்கு அடியில் காலால் அழுத்தும் ஒரு பெடல். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் கையில் வைத்திருக்கும் கருவியில் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்வார்கள். இவள் அதைக் காதில் கேட்டு அடிப்பாள். பெடலை முன்னால் மிதித்தால் குரல் ஓடும். குதிகாலால் மிதித்தால் பின்னால் போய் மறுபடி சொல்லும். ஒரு நாளைக்கு நாற்பது கடிதம். மாலை டீ நேரத்தில் கட்டாகக் கொண்டுபோய் வைத்தால், பெரிய டாக்டர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். படிக்க மாட்டார். "டைப் அக்கா அடிச்சா கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்று கண் டாக்டரே சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். அவளுக்கு அன்றைக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி மனசு குளிரும்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆங்கிலம் வேப்பங்காய். ஆங்கிலம் அவளுக்கு வந்ததே இந்தப் பெடல் வழியாகத்தான். அதுவும் எப்படி வந்தது? உடம்பில் என்ன மாறுகிறது, எப்படி மாறுகிறது என்று சொல்லும் சொற்களாக வந்தது. சடன் என்றால் திடீர். ஸ்டேபிள் என்றால் போன தடவை இருந்தபடியே இருக்கிறது, மாற்றமில்லை. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல், கிராஜுவல். முப்பது வருஷத்தில் அவள் அதிகம் அடித்த சொல் அதுதான். அதை அடிக்கும்போது விரல்கள் தாமாகவே ஓடும்.

ஆனால் அதன் அர்த்தம் அவளுக்கு ஒரு நாளில் பிடிபடவில்லை. முதலில் 'மெதுவாக' என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு தடவை நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுக் காகிதத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார் பெரிய டாக்டர். 'கண் அழுத்த நோயில் பார்வை மெதுவாகக் குறையும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"மெதுவான்னு போட்டா வேகத்தைச் சொல்ற மாதிரி இருக்கும்மா. இது வேகம் இல்ல. நடக்கறது தெரியாம நடக்கறது."

"படிப்படியான்னு போடட்டுமா டாக்டர்?"

"படி இறங்கறவனுக்குக் கால்ல தெரியுமே. இவனுக்கு எதுவும் தெரியாதே."

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அந்தத் தேய்மானம்தான் அது என்று அவளுக்குத் தோன்றியது. எறும்புக்கும் தெரியாது, கல்லுக்கும் தெரியாது. கடைசியில் 'கொஞ்சம் கொஞ்சமாக, உங்களுக்கே தெரியாமல்' என்று எழுதினாள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நாலு தமிழ்ச் சொல் செலவானது. டாக்டர் சரி என்றார்.

அதற்கப்புறம் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். வரும் நோயாளிகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் "திடீர்னு தெரியல டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். கருவி சில நேரம் முன்பே ஓடத் தொடங்கிவிடும், பதிவில் அவர்கள் குரலும் கேட்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குக் காலையில வாசப்படி தெரியல." அதைக் கேட்டு முடித்துவிட்டு டாக்டர் கருவியை வாயருகே வைத்து கிராஜுவல் என்பார். யார் சொல்வது பொய்? இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். போனது பத்து வருஷமாகப் போனது. தெரிந்தது இன்று காலையில். 'அட பாவமே, பத்து வருஷமாவா தெரியாம இருப்பாங்க' என்று அவள் ஆரம்பத்தில் வாய்விட்டே சொல்வதுண்டு.

அவளுக்கு மட்டும் தெரிந்ததா என்ன? பதினேழு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கும் முன்பே இல்லை. ஒன்பது வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டைப் கற்றுக்கொள்ளப் போனாள். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு 'ஏ எஸ் டி எஃப்' அடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "தம்பி யார்கூட இருப்பான்?" என்கூட என்றாள். முதல் ஆள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார். இரண்டாவது ஆள் வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை. மூன்றாவது ஆளுக்குப் பிறகு யார் வந்தார்கள், எப்போது வருவது நின்றது என்று இன்றைக்குக் கேட்டால் அவளால் தேதி சொல்ல முடியாது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் திரும்பிப் பார்த்தால் ஆகவில்லை, அவ்வளவுதான்.

தம்பி வளர்ந்தான். படிப்பு ஏறவில்லை, ஸ்டியரிங் ஏறியது. இருபத்து நாலு வயதில் பஸ் டிரைவர். இருபது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. டிப்போவில் அவன் போட்டோவை மாட்டியிருந்தார்கள். கல்யாணம் செய்துவைத்தாள், இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் நர்ஸ் படிப்பு, சின்னவள் பள்ளிக்கூடம். தம்பி பொண்டாட்டி நல்ல மாதிரி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கேதான். "அண்ணி, நீங்க வராம குக்கர் விசில் அடிக்க மாட்டேங்குது" என்று போன் வரும்.

தம்பிக்குக் கண் அழுத்தம் இருப்பது மூன்று வருஷத்துக்கு முன்னால் தெரிந்தது. தலைவலி என்றான். அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிய டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அந்த வருஷம் ஸ்டேபிள். அடுத்த வருஷமும் ஸ்டேபிள். டிப்போவிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்பார்கள். அங்கே இருக்கும் அதிகாரி வேறு எதையும் பார்க்க மாட்டார். முடிவு என்று போட்டிருக்கும் இடத்தில் முதல் வரி, அதில் அந்த ஒரு சொல். ஸ்டேபிள் என்றால் வண்டி கொடுப்பார். வேறு எதுவாக இருந்தாலும் சாவியை வாங்கிவிடுவார். டிப்போவில் எல்லா டிரைவருக்கும் இது தெரியும். ஆங்கிலத்தில் தன் பெயரைத் தப்பில்லாமல் எழுதத் தெரியாதவனுக்குக்கூட ஸ்டேபிள் என்ற சொல்லின் எழுத்துகள் தெரியும்.

மூன்றாவது வருஷம் சோதனை முடிந்து தம்பி மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றான். முகம் செத்திருந்தது.

"என்னடா?"

"தெரியலக்கா. பெரிய டாக்டர் ரொம்ப நேரம் தாளையே பாத்துட்டு இருந்தாரு. ஒரு மாசத்துல வாங்க, பேசுவோம்னாரு. பஸ் ஓட்டறதைப் பத்தி லெட்டர்ல எழுதறேன்னாரு."

"எழுதட்டும். அவர் தப்பா எழுதுவாரா?"

"அவர் சரியா எழுதிடுவாரோன்னுதான் பயமா இருக்கு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அக்கா, பெரியவளுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பு இருக்கு. என்னை இறக்கிட்டா எங்க வைப்பாங்க? கேட்ல ஸ்டூல் போட்டு உட்கார வைப்பாங்க. நான் ஓட்டின வண்டி உள்ள போகும்போது நானே எழுந்து கேட்டைத் திறக்கணும். ஏதாவது பண்ணுக்கா."

"நான் என்னடா பண்ண முடியும், நான் என்ன டாக்டரா?"

"நீதானே அடிக்கிற."

அவன் போய்விட்டான். அவள் அன்றைய பதிவுகளில் அவனுடையதைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். மூன்று மணிக்குத்தான் அதைக் கேட்டாள். வழக்கமான இருமல், வழக்கமான கரகரப்பு. அப்புறம் பெரிய டாக்டர் குரல். கிராஜுவல் லாஸ். கமா. போத் ஐஸ். ஃபுல்ஸ்டாப். இரண்டு கண்ணிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த வரி, ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்கடுத்த வரி, கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை.

குதிகாலால் மிதித்தாள். கிராஜுவல். மறுபடியும் மிதித்தாள். கிராஜுவல். நாலாவது தடவையாவது அந்த மனுஷன் வேறு ஏதாவது சொல்லித் தொலைய மாட்டாரா என்று கேட்டாள். இயந்திரத்துக்கு இரக்கம் ஏது.

இத்தனை வருஷத்தில் யார் யாரோ அவளிடம் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். லீவுக்கு, கோர்ட்டுக்கு, மாமியாருக்குக் காட்ட, எதெதற்கோ. "ஒரு வார்த்தைதானேக்கா" என்பார்கள். "ஒரு வார்த்தைக்குத்தான்யா எனக்குச் சம்பளம்" என்று விரட்டிவிடுவாள். ஊருக்கெல்லாம் நெருப்பாக இருந்தவள்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஆடியது. ஸ்டேபிள் என்று அடித்தாள்.

அடித்தபிறகுதான் தெரிந்தது, ஒரு வார்த்தையோடு விஷயம் முடியாது என்று. மாற்றமே இல்லாத கண்ணுக்கு எதற்கு ஆபரேஷன்? அந்த வரி நிற்காது. எடுத்தாள். வண்டி ஓட்டக்கூடாது என்பதும் நிற்காது. அதையும் எடுத்தாள். இப்போது கடிதம் சின்னதாக, அழகாக இருந்தது. பஸ்ஸில் தினமும் ஐம்பது அறுபது பேர் இவனை நம்பி உட்கார்ந்து வருகிறார்களே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? தோன்றவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் தம்பிதான் கண்ணுக்குள் நின்றான். ஒரு மாசத்தில் எப்படியும் டாக்டரிடம் வரப்போகிறான், ஆபரேஷனை அப்போது அவரே வாயால் சொல்லிவிடுவார், அதற்குள் டிப்போவில் இந்த வருஷத்துக் கையெழுத்து விழுந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டாள்.

எந்தக் கடிதத்துக்கும் இரண்டு பிரதி எடுப்பது அவள் வழக்கம். ஒன்று வெளியே போக, ஒன்று ஃபைலில் மேல் தாளாக வைக்க. கள்ளத்தனம் தெரிந்தவளாக இருந்தால் டிப்போவுக்கு ஒன்றும் ஃபைலுக்கு வேறொன்றுமாக அடித்திருப்பாள். இவளுக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது முப்பது வருஷத்துப் பழக்கம். பொய்யையும் ஒழுங்காக இரண்டு பிரதி எடுத்தாள். டீ நேரத்தில் கட்டின் நடுவில் வைத்தாள். பெரிய டாக்டர் யாரிடமோ கிரிக்கெட் பேசிக்கொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதக் கடைசியில் பெரிய டாக்டருக்கு மூச்சுத்திணறல் வந்தது. மகன் வந்து வெளிநாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவர் நாற்காலியில் ஒரு இளம் டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். கெட்டிக்காரி, சுறுசுறுப்பு. ஒரு நாளைக்கு எழுபது பேரைப் பார்க்க வேண்டும். ஃபைலைத் திறப்பார், மேல் தாளைப் படிப்பார், கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார், எழுதுவார். பழைய சோதனைத் தாள்களெல்லாம் ரெக்கார்ட் ரூமில் மூட்டையாகக் கிடக்கும். அதை எடுத்து வரச் சொன்னால் அரைநாள் ஆகும். மேல் தாள் எதற்கு இருக்கிறது? அதைப் படிக்கத்தானே?

டாக்டர் சொல்லியிருந்த தேதிக்குத் தம்பி வந்தான். பத்து நிமிஷத்தில் திரும்பி மாடிப்படிக்கு அடியில் ஓடி வந்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தபோது இருந்த அதே முகம்.

"அக்கா! நல்லா இருக்காம்! புது டாக்டர் சொல்லிட்டாங்க. அப்படியே இருக்கு, அதே மருந்தைப் போடுங்க, ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்னுட்டாங்க!"

அவள் காதுக் கருவியைக் கழற்றினாள். "ஆபரேஷன்னு எதுவும் சொல்லலையா?"

"ஆபரேஷனா? எதுக்கு? நல்லா இருக்குன்னு சொல்றேன், நீ என்ன!"

இங்கேதான் அவள் செய்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் எழுதியதைக்கூட விட்டுவிடலாம், பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது? அவள் அதை நம்பினாள். தான் அடித்த பொய் ஒரு டாக்டர் வாயிலிருந்து திரும்பி வந்ததும் அவளுக்கு அது உண்மையாகிவிட்டது. படித்தவங்க, விளக்குப் போட்டுப் பாத்தவங்க, அவங்களே சொன்னா அது சரியாத்தானே இருக்கும்? பெரிய டாக்டருக்கு வயசாச்சு, தாளைத் தப்பாகப் பார்த்திருப்பார். மருந்து கேட்டிருக்கும். இப்படியெல்லாம் நினைத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

ஆறு மாதமும் அப்படித்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது தம்பி தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். "எருமை, பாத்து வைக்கக் கூடாதா" என்று அவன் பொண்டாட்டி திட்டினாள், சின்னவள் சிரித்தாள். டைப் அக்காவும் சிரித்தாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். அடுத்த மாதம் சின்னவள் பக்கத்திலேயே நின்று கையை நீட்டிக்கொண்டிருக்க, "பாப்பா எங்க?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். கிராஜுவல் என்ற சொல்லுக்கு ஊரில் யாரைவிடவும் நன்றாக அர்த்தம் தெரிந்தவள் அந்த மேசையில்தான் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

ஏழாம் மாதம், அடுத்த சோதனைக்குப் போகும் முன்பே, பஸ் ஸ்டாப்பில் ஒரு தள்ளுவண்டியை இடித்துவிட்டான். பட்டப்பகல், நல்ல வெயில். வண்டிக்காரர் குதித்துத் தப்பித்தார், வண்டி நொறுங்கியது. இடது பக்கம், கைக்கெட்டும் தூரம். "அங்க வண்டியே இல்ல சார்" என்று தம்பி சத்தியம் செய்தான். கூடியிருந்தவர்கள் குடித்திருக்கிறான் என்றார்கள். ஊதிப் பார்த்தார்கள், வாசனைகூட இல்லை. டிப்போவில் சாவியை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அன்று சோதனை முடிந்ததும் புது டாக்டரம்மா பதிவு செய்தது மூன்று மணிக்கெல்லாம் அவள் காதுக்கு வந்துவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வட்டம், குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு. டாக்டரம்மாவின் குரலிலேயே குழப்பம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஸ்டேபிள், இன்று இது. ஆகவே சடன் என்றார். சடன் லாஸ். கண் அழுத்தம் இவ்வளவு சீக்கிரம் இப்படிச் செய்யாது. மூளையிலோ நரம்பிலோ வேறு ஏதோ இருக்க வேண்டும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வெளி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர். எல்லா முடிவும் வரும்வரை, சுமார் மூன்று வாரம், கண்ணில் கத்தி வைக்கக் கூடாது.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். அந்தச் சொல்லை அடிக்கக் கை வரவில்லை. டாக்டரம்மா மேல் தப்பே இல்லை. மேல் தாளில் இருப்பது உண்மையென்றால் இது சடன்தான். வேறு எந்தச் சொல்லும் பொருந்தாது. ஆனால் மேல் தாள் பொய் என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று வாரம் அந்தக் குழாய் திறந்திருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்ட கண்களைப் பற்றி எத்தனை நூறு கடிதம் அடித்திருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும். போனால் போகட்டும். தம்பி வீட்டு வாசல் மூடிவிடும். முப்பத்தைந்து வருஷத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

எழுந்தாள். தலையை இடித்துக்கொண்டாள். நேராக ரெக்கார்ட் ரூமுக்குப் போய், ஆளைக் கேட்காமலேயே மூட்டையைப் பிரித்து, தம்பியின் மூன்று வருஷத்துச் சோதனைத் தாள்களையும் எடுத்தாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். முதல் இரண்டும் ஒரே மாதிரி, ஓரத்தில் ஒரு கறை. மூன்றாவதில் கறுப்பு பாதிக்கு வந்திருந்தது. பழைய பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

"டாக்டர், இது சடன் இல்ல. கிராஜுவல். பெரிய டாக்டர் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் மாத்தி அடிச்சேன்."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினாள். அந்த அறையில் பெரிய டாக்டர் இருமினார். ஆபரேஷன் என்று சொன்ன வரி வந்தபோது டாக்டரம்மா தாள்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? நான் 'நல்லா இருக்கு'ன்னு சொன்னேனே அவர்கிட்ட. நான் என் வாயால சொன்னேனே!"

"என் மேலதான் தப்பு டாக்டர். எனக்கு என்ன வேணா செய்யுங்க. அவனுக்கு நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க."

"மத்த லெட்டர்? முப்பது வருஷமா நீங்க அடிச்சதெல்லாம்?"

"இது ஒண்ணுதான் டாக்டர். சத்தியமா இது ஒண்ணுதான்."

"நான் எப்படி நம்பறது?" என்றார் டாக்டரம்மா.

அன்று மாலை டீ நேரத்தில் டாக்டர்கள் எல்லாரும் கடிதங்களை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்று லிஃப்ட்காரர் பின்னால் யாரிடமோ சொன்னாராம். அவளை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையே வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. இருந்த வட்டம் தப்பித்தது. இடது கண்ணைத் தொடவில்லை, அங்கே காப்பாற்ற எதுவும் இல்லை. இனி நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது போனதுதான் என்று டாக்டரம்மா தம்பியிடமும் அவன் பொண்டாட்டியிடமும் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். யார் எதை மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

மூன்றாம் நாள் பகல் மூன்றரை மணிக்கு அவள் வார்டுக்குப் போனாள். தம்பி பொண்டாட்டி வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. "உள்ள போங்க. உங்களைக் கேட்டாரு" என்றாள். இவள் வாசலைத் தாண்டும்போது, "உங்களை நான் தாயா நினைச்சிருந்தேன்" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை.

அவன் மல்லாந்து படுத்திருந்தான். கண்கட்டை அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். வாசல் அவனுக்கு இடப்பக்கம். அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச்சிட்டதும், "அக்காவா?" என்றான். தலையைத் திருப்பவில்லை.

"ம்."

"ஒரு மாசத்துல ஆபரேஷன் பண்ணணும்னு அவர் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமாக்கா?"

"புது டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு நீ ஓடி வந்து சொன்னியே... நானும் நம்பிட்டேன்டா."

அவன் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது ஒரு விசிறியின் நடுப்பகுதி தெரிந்திருக்கும்.

"அவங்க நீ எழுதினதைப் படிச்சிட்டுத்தானேக்கா சொன்னாங்க."

அவள் தலையாட்டினாள். அது அவனுக்குத் தெரிந்திருக்காது.

"நான்தான் கேட்டேன். ஏதாவது பண்ணுன்னு நான்தான் கேட்டேன், இல்லேங்கல. வேலைக்குத்தான் கேட்டேன். எனக்கு எதுவுமே தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். 'டேய், வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கண்ணு போயிடும்'னு ஒரு அறை விட்டிருக்கலாமே. சின்ன வயசுல எத்தனை அறை விட்டிருப்ப?"

"டேய்..."

"சின்னவ ஸ்கூல் விட்டு வர்ற நேரம். அவ முன்னாடி எதுவும் வேண்டாம். நீ போயிடு. நான் கூப்பிடறவரைக்கும் வராத."

"சரி" என்று எழுந்தாள். நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. செருப்பை வார்டு வாசலிலேயே விட்டிருந்தாள், வெறுங்கால். இரண்டடி வைத்தாள். அதற்குமேல் கால் வரவில்லை. அவன் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே, இடது பக்கம், கையை நீட்டினால் நெற்றியைத் தொடலாம் என்ற தூரத்தில் நின்றுவிட்டாள்.

அவன் காத்திருந்தான். காலடிச் சத்தம் கேட்கவில்லை, அவள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான் போல. அப்புறம் அழ ஆரம்பித்தான். அம்மா செத்த அன்றைக்கு அவள் மடியில் கிடந்து அழுதானே, அதே அழுகை, வாயைத் திறந்துகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தைத்த கண்ணோடு அழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு தடவை முகத்தை அவள் பக்கம் திருப்பினான். நேராக அவளைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த வட்டத்துக்குள் அவள் வரவில்லை. அவன் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கையை நீட்டினாள். தொட்டால் அவள் நின்றுகொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சத்தம் கேட்காமல் பாதத்தை வைத்து வைத்து வெளியே வந்தாள்.